கேட்டலும் நிகழ்த்தலும்: இயற்பியற் கல்வி பற்றிய மாணவர் கருத்து

கல்வியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் தொடர்களுள் 'பாடம் கேட்டல்' என்பது நெடுங்காலமாகப் பயின்று வருவது. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டார் என்றே இன்றும் கூறுகின்றோம். ஆசிரியரைப் பற்றிப் பேசும்பொழுதோ அவர் 'பாடம் நடத்துகின்றார்' என்கின்றோம். கூத்து நடத்துதல், திருமணம் நடத்துதல், பாடம் நடத்துதல் ஆகிய மூன்றிற்கும் வினை ஒன்றே. நடத்துவோர் ஒருவர், கேட்போர் பலர். பாடம் என்பது ஆசிரியரால் நடத்தப்பெற வேண்டியது, மாணவரால் கேட்கப்பெற வேண்டியது என்னும் எண்ணம் இவ்வழக்குகளிலேயே பொதிந்து கிடக்கின்றது. மாணவன் வகுப்பிற்குள் நுழையும்பொழுது இவ்வெண்ணத்தையும் உடன்கொண்டே நுழைகின்றான் என்பதை மறத்தலாகாது.

இயற்பியல் கற்பிக்கும் முறைகளைப் பற்றி மாணவர் கொண்டுள்ள கருத்தினை ஆராயப் புகுவோர் முதலில் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆசிரியர் விதியைக் கூறி, கரும்பலகையில் அதனை நிறுவி, கணக்கு ஒன்றைச் செய்து காட்டி, குறிப்பு எழுதச் சொல்லி முடிப்பதை மரபுமுறை என்று ஈண்டுக் குறிப்போம். மாணவர் தாமே கருதுகோள் கூறி, கருவியைக் கையாண்டு, தம்முள் வாதிட்டு, பிறர்முன் விளக்கிக் காட்டும் முறையை நிகழ்த்துமுறை என்போம். இவ்விரண்டனுள் எதனை மாணவர் சிறந்ததெனக் கருதுகின்றனர், அக்கருத்து எந்த அளவிற்கு நம்பத்தக்கது என்பனவே இங்கு ஆராயப்பெறுகின்றன. இவ்வாராய்ச்சிக்கு விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியைக் களமாகக் கொள்கின்றோம். அதற்குக் காரணம் இரண்டு. நிகழ்த்துதல் என்பதன் பொருளை ஊரறியக் காட்டும் தெருக்கூத்து இன்றும் வழங்கும் நிலம் அது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியரின் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் தொகுதியில், மகாராட்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றுடன் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அதன் கோட்டையோ, பள்ளி மாணவர் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக வந்து செல்லும் இடமாகும்.

முதற்கண் கூத்தினை நோக்குவோம். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் திரௌபதியம்மன் வழிபாட்டிற்குப் பேர்பெற்றவை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் அவ்வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட நூலின் முதற்றொகுதிக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். விழாக் காலத்தில் பகலில் பாரதம் படித்துப் பொருள் கூறுவர். இரவில் அக்கதையைக் கூத்தாக ஆடுவர். படுகளத்துடன் விழா நிறைவை நெருங்கும். ஆகவே ஒரே கதை இவ்வூர்களில் இருமுறையால் மக்களைச் சென்றடைகின்றது: பகலில் கேட்டல், இரவில் காணல். எழுத்தறியாத மூதாட்டியும் பாரதக் கதையின் கிளைகளைப் பிழையின்றிக் கூறுவது இதனாலேயே. இதனைக் கண்ட கல்வியாளர் சிலர், 'அறிவியலையும் கூத்தாக ஆடிக் காட்டினால் மாணவர் எளிதிற் கற்பர்' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கலைப்பயணங்களின் வாயிலாக அறிவியற் செய்திகளை ஊர்தோறும் கொண்டு சென்றது. நாடெங்கும் 1987-இல் நடைபெற்ற மக்கள் அறிவியல் பயணமும் அத்தகையதே. அறிவியலின்பால் மக்களுக்கு ஆர்வம் பிறப்பித்தமையில் இவற்றின் பணி பெரிது. ஆயினும் ஆர்வம் பிறத்தல் வேறு, நியூட்டனின் மூன்றாம் விதியைப் புதியதொரு சூழலிற் பொருத்திப் பார்க்கும் திறன் பிறத்தல் வேறு.

கூத்துக் களத்திலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். விடிய விடிய முன்வரிசையில் அமர்ந்து பார்த்தவர் எவரும் அதனாலேயே கூத்தராவதில்லை. சலங்கை கட்டி, அடி தவறி, பின்பாட்டில் நின்று குரல் கொடுத்து, சிறு வேடம் பூண்டு, சபை நடுவே சொல் மறந்து திகைத்து, மீண்டும் எடுத்துப் பாடியவரே கூத்தராகின்றார். பார்த்தவர்க்குக் கதை தெரியும். ஆடியவர்க்குக் கலை தெரியும். பார்த்தவரை நோக்கி, 'இன்றிரவு நன்கு புரிந்ததா?' என வினவினால் தயங்காது 'புரிந்தது' என்பார். முதன்முறை ஆடிய இளைஞனை வினவினால், தன் பிழைகளையே எண்ணிக்கொண்டிருப்பான். மனநிறைவுடன் விடை கூறான். மாணவர் கருத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் சிக்கல் முழுவதும் இவ்விருவர் விடைகளில் அடங்கிவிடுகின்றது எனலாம்.

இனி இயற்பியல் வகுப்புகளில் அளந்து கண்ட முடிவுகளைக் காண்போம். விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கருத்துகளைக் கணக்கின்றிச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றினை எசுடீன்சும் அவர்தம் துணைவரும் 1992-இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். அவ்வகை வினாத்தாள்களைக் கொண்டு 62 வகுப்புகளில் பயின்ற 6,542 மாணவரின் முன்தேர்வு, பின்தேர்வு முடிவுகளை ரிச்சர்டு ஏக்கு என்பார் 1998-இல் தொகுத்தளித்தார். மாணவர் தொடக்கத்தில் அறியாதிருந்தவற்றுள் எவ்வளவு பகுதியை வகுப்பின் இறுதியில் அறிந்தனர் என்பதே அவர் கொண்ட அளவை. மரபுமுறை வகுப்புகளில் அது சராசரி 0.23, மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் 0.48. மரபுமுறையில் அறியாதவற்றுள் நான்கில் ஒரு பங்கு கூட விளங்கவில்லை. மற்றதில் ஏறத்தாழ அரைப் பங்கு விளங்கியது. மரபுமுறை வகுப்புகளிலும் நல்லாசிரியர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. சொல்வன்மையால் மட்டும் அவ்வெல்லையைக் கடக்க இயலவில்லை போலும்.

ஆசிரியர் மேடையில் சோதனையைச் செய்து காட்டிவிட்டால் அதுவும் நிகழ்த்துமுறையே என்பார் உளர். இதனை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் காத்தரீன் குரோச்சும் எரிக் மசூரும் உடனாய்வாளரும் ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். சோதனையைக் காணாத மாணவர்க்கும், வெறுமனே கண்ட மாணவர்க்கும் இடையே விளக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பெறவில்லை. 'என்ன நிகழும்?' என்று சோதனைக்கு முன்னரே தம் கருத்தைக் குறித்து வைத்த மாணவரோ தெளிவாக மேம்பட்டு நின்றனர். முன்கூட்டிக் கூறுதற்கு ஆகும் நேரம் இரண்டொரு நிமையமே. முன்கூறாது காண்பவன் தன் பழைய கருத்திற்கு ஏற்பவே காட்சியையும் கண்டுவிடுகின்றான். சில நாள் கழித்து அக்காட்சியையே மாற்றி நினைவுகூர்வதும் உண்டு. கூத்தில் கட்டியக்காரன் ஒவ்வொரு வேடத்தையும் நிறுத்தி 'நீ யார்? எதற்கு வந்தாய்?' என்று வினவுவது, அவையோரை வெறும் காட்சியிலிருந்து எழுப்பி ஒரு கணம் எண்ண வைக்கின்றது. இயற்பியல் வகுப்பிற்கும் ஒரு கட்டியக்காரன் வேண்டும் என்று கூறின் அறிவியலாசிரியர் வருந்தமாட்டார் என நம்புகின்றோம்.

மாணவர் கருத்தை நேராகத் தொட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதுவும் ஆர்வர்டில் நடைபெற்றதே. உலூயி தெலோரியே முதலியோர் அறிமுகநிலை இயற்பியல் பயின்ற மாணவர் 149 பேரை இரு பிரிவாகக் குலுக்கல்முறையிற் பிரித்தனர். நிலைச்சமநிலை, பாய்மங்கள் என்னும் இரு பாடங்கள் தேர்ந்தெடுக்கப்பெற்றன. ஒரு பாடத்தை ஒரு பிரிவினர் தெளிவான சொற்பொழிவாகக் கேட்டனர். மறுபிரிவினர் அதே செய்தியையும் அதே கணக்குகளையும் சிறு குழுவாகத் தாமே முயன்று கற்றனர். அடுத்த பாடத்தில் பிரிவுகள் இடம் மாறின. ஒவ்வொரு வகுப்பின் இறுதியிலும் மாணவரிடம் அவர்தம் கருத்துக் கேட்கப்பெற்றது. அத்துடன் தேர்வும் வைக்கப்பெற்றது. முயன்று கற்றவர் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றனர். ஆனால் 'மிகுதியாகக் கற்றேன்' என்று எழுதியவர் சொற்பொழிவு கேட்டவரே. கற்ற அளவும், கற்றதாகத் தோன்றிய அளவும் எதிரெதிர்த் திசையில் சென்றன.

இம்முடிவு மாணவர்தம் அறியாமையைக் காட்டுவதெனக் கொள்ளுதல் பொருந்தாது. தங்குதடையற்ற சொல்லோட்டம் கேட்பவர் உள்ளத்திற் பொருளும் தடையின்றி விளங்கிவிட்டதென்னும் தோற்றத்தைத் தருகின்றது. தாமே முயல்வோர் இடர்ப்படுகின்றனர். இடர்ப்பாட்டைத் தம் குறைபாடாகவும், ஆசிரியரின் குறைபாடாகவும் கருதுகின்றனர். ஒரு துறையிற் புதியராய் இருப்பவர்க்குத் தாம் அறியாதது எவ்வளவு என்பதை அளக்கும் கோலும் கையில் இராது. தமிழ் வகுப்பிலும் இதனை நாம் காண்கின்றோம். நயம்பட உரை கூறக் கேட்ட செய்யுள் மாணவர்க்கு முழுதும் விளங்கியதாகவே தோன்றும்; மறுநாள் அச்செய்யுளைத் தனியே கொண்டுகூட்டுக எனின் முதலடியிலேயே நின்றுவிடுவர்.

கேட்டலின் அளவு இவ்வளவே என்பதைத் தமிழிலக்கண நூலார் முன்னரே வரையறுத்துள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் கல்விக்குப் பங்கு வகுக்கின்றார். ஆசிரியர் உரைத்ததைப் பொருந்தக் கொண்டாலும் கால் பங்கே நிரம்பும் என்பதும், உடன்பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு கால் நிரம்பும் என்பதும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்பதும் அவர் கருத்து. ஏக்கின் கணக்கில் வந்த 0.23-ஐயும் பவணந்தியாரின் காலையும் ஒன்றென மயங்குதல் வேண்டா. ஒன்று அளவீடு, மற்றொன்று பட்டறிவின் மொழி. ஆயினும் கேட்டலுக்குக் கால், விளக்கியுரைத்தலுக்கு அரை எனப் பிரித்த நூலைப் படித்துவரும் நாம், கேட்டலையே முழுக்கல்வியாக நடத்தி வருவது வியப்பிற்குரியது. சொன்னதையே சொல்லும் கிளியைப் பவணந்தியார் இடை மாணாக்கர்க்கு உவமை ஆக்கினார். நம் தேர்வுகளோ அதனை முதல் வரிசையில் அமர்த்திவிட்டன. பவணந்தியார் சமண முனிவர். தமிழ்ச் சமணரின் மடம் செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் இன்றும் உள்ளது. ஆதலின் செஞ்சி நாட்டு ஆசிரியர்க்கு இக்கருத்து அயலூர்ச் சரக்கன்று.

திண்ணைப் பள்ளிகளில் இக்கருத்து நடைமுறையாகவும் இருந்தது. முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாய் இருந்து இளையோர்க்கு மணலில் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகட்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு, தம் பள்ளியிற் புகுத்தி, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது. மாணவரை மாணவரே கற்பிக்கச் செய்தலை மசூர் தம் இயற்பியல் வகுப்பில் 1991-இல் தொடங்கினார். செலவைக் குறைக்க விரும்பியே பெல்லின் முறையைப் பலர் கைக்கொண்டனர் என்பதும், அதில் மனப்பாடம் மிகுந்திருந்தது என்பதும் உண்மையே. முறையின் பெயர் புதிதாயினும் பழைதாயினும், விளக்குபவன் யாவன் என்பதைக் கொண்டே அதன் பயனை மதித்தல் வேண்டும்.

இவையெல்லாம் அறிந்த பின்னும் மாணவர் மரபுமுறையையே விழைவது ஏன்? தேர்வை நோக்குக. 2017-18 முதல் மேனிலை இயற்பியலுக்கு அமைந்த 100 மதிப்பெண்களுள் 70 எழுத்துத் தேர்வுக்கு உரியவை. செய்முறைக்கும் அகமதிப்பீட்டிற்கும் சேர்த்து 30. அதற்கு முன்னர் 200-இல் 150 எழுத்துத் தேர்வுக்கும் 50 செய்முறைக்கும் இருந்தன. செய்முறைத் தேர்விலோ பெரும்பாலோர் முழு மதிப்பெண்ணை எதிர்நோக்கியே வருகின்றனர். ஆதலின் தம் எதிர்காலத்தை முடிவு செய்வது எழுத்துத் தேர்வே என மாணவர் கருதுவதைக் குறைகூற முடியாது. தந்தையும் தாயும் கூலி வேலைக்குச் சென்று படிக்க வைக்கும் பிள்ளைக்கு, 'குறிப்பு கொடுங்கள் ஐயா' என்று கேட்க உரிமையுண்டு. தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சியிற் சிறிய அளவில் தொடங்கி, 2007-08-இல் தமிழகம் முழுவதும் பரவியது. அட்டைகளோடும் பொருள்களோடும் பழகத் தொடங்கிய பிள்ளைகளே மேல் வகுப்பிற்கு வந்ததும் வினா விடைத் தொகுப்பிற்கு மாறினர். பிள்ளைகள் மாறவில்லை, அவர்கள்முன் வைக்கப்பெற்ற அளவுகோல் மாறியது.

ஆய்வுக்கூடத்திற் செய்வதெல்லாம் நிகழ்த்துதல் ஆகிவிடும் என்பதும் பிழை. தனி ஊசலை ஆட்டும் மாணவன் ஈர்ப்பு முடுக்கம் 9.8-ஐ ஒட்டி வரவேண்டும் என்பதை அறிந்தே ஆட்டுகின்றான். கணக்கு 9.1 என வந்தால், எங்கே தவறியது என ஆராய்வதற்கு மாறாக அளவுகளைத் திருத்திப் பதிவேட்டில் எழுதுகின்றான். கை அசைகின்றது; கருத்து அசையவில்லை. அவனிடம் செய்முறை வகுப்பு பயனுடையதா என்று வினவினால், மதிப்பெண்ணுக்குப் பயனுடையது என்பான். அவ்விடை முற்றிலும் நேர்மையானது.

இங்குக் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. இன்று கல்லூரிகளில் மாணவர் கருத்துப் படிவங்களைக் கொண்டு ஆசிரியரை மதிக்கும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. நாம் அறிந்த இளம் இயற்பியலாசிரியர் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் வினாக்களை எழுப்பி மாணவரையே விளக்கச் செய்தார். பருவ இறுதியில் வந்த படிவங்களிற் பல, அவர் பாடம் நடத்துவதில்லை என்று கூறின. சொல்லளவில் அது மெய்யே. அவர் நடத்தவில்லை, மாணவரை நடத்த வைத்தார். அடுத்த பருவத்தில் அவர் குறிப்புச் சொல்லி எழுத வைக்கும் முறைக்குத் திரும்பினார், மதிப்பீடும் உயர்ந்தது. படிவத்தில் உள்ள வினா, 'தெளிவாக இருந்ததா?' என்பதே, 'புதிய கணக்கொன்றைத் தனியே செய்ய முடிகின்றதா?' என்பது அன்று. இத்தகைய படிவத்தையே உரைகல்லாக்கினால், மிகுதியாகக் கற்பிக்கும் ஆசிரியர் தண்டனை பெறவும், இனிமையாகப் பேசும் ஆசிரியர் பரிசு பெறவும் இடமுண்டு. சிற்றூர்க் கல்லூரிகளுக்கு இஃது ஏற்படுத்தும் இழப்புப் பெரிது. அங்குத் தனிவகுப்புகளுக்குச் சென்று குறையை நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பு மாணவர் பலர்க்கு இல்லை.

மாணவரை நிகழ்த்துமுறைக்கு எங்ஙனம் பழக்குவது என்பதற்குச் செஞ்சிக் கோட்டையே ஒரு வகுப்பறையாகலாம். கோட்டையினுள் கலியாண மகால் எனப்படும் அடுக்குக் கட்டடம் உள்ளது. அதன் மேல் தளங்களுக்குச் சுடுமண் குழாய் வழியே நீர் சென்றதென்று கோட்டையைப் பற்றி எழுதியோர் கூறுவர். வழிகாட்டி இதனைக் கூறியதும் மாணவர் 'ஆ' என வியந்து படம் எடுத்துக்கொண்டு அப்பாற் செல்கின்றனர். அவ்வியப்பை அங்கேயே நிறுத்தி, 'எந்திரம் ஏதுமின்றி நீர் மேலே ஏறுமா? ஏறின் எத்தனையாம் தளம்வரை ஏறும்? நீர்நிலை எங்கு இருந்திருத்தல் வேண்டும்?' என வினவி, ஒவ்வொருவரும் தம் விடையைத் தாளில் எழுதிய பின்னர், நீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இருவர் கையிற் கொடுத்துவிடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாய் அது. ஒரு முனையை உயர்த்தினும் தாழ்த்தினும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதை அவர்களே காண்பர். குழாய் பருத்ததாயின் நீர் மிகுதியாக ஏறும் என எழுதியவர் சிலர் இருப்பர். அவர்கள் வாதிடட்டும், அவ்வாதமே பாடம். ஊற்றுநிலையின் உயரத்தை மிஞ்சி நீர் ஏறாது என்பது வெளிப்பட்டதும், அவ்வுயரத்தில் எந்த நீர்நிலை இருந்திருக்கக் கூடும் எனக் குன்றின் சரிவை நோக்கிக் கண்கள் தாமே செல்லும். கொத்து வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளை அன்று குழுவின் ஆசிரியன் ஆவான். கரும்பலகை வகுப்பில் அவனுக்கு அப்பெருமை கிட்டுவது அரிது.

இராசகிரியின் ஏற்றமும் அத்தகையதே. அதன் உயரம் ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவி ஒருத்தி உச்சியை அடைந்தால், ஈர்ப்பிற்கு எதிராகச் செய்த வேலை 50-ஐயும் 9.8-ஐயும் 240-ஐயும் பெருக்கிய 1,17,600 சூல். கேட்டவுடன் பெருந்தொகையாகத் தோன்றும். உணவின் அளவையில் அஃது ஏறத்தாழ 28 கிலோகலோரியே. ஓர் இட்டிலியின் ஆற்றலைக்கூட எட்டாது. அங்ஙனமாயின் மூச்சு வாங்குவதும் உடல் வியர்ப்பதும் ஏன்? தசை தான் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவையே வேலையாக மாற்றுகின்றது, மற்றது வெப்பமாகின்றது என்னும் விடைக்கு மாணவர் தாமே வரக் கால்மணி நேரம் ஆகலாம். ஆசிரியர் கூறினால் அரை நிமையம். அக்கால்மணி நேரத்தை வீணெனக் கருதும் மாணவரும் உளர். பாடப்பகுதியை முடிக்க வேண்டிய ஆசிரியரும் அங்ஙனமே கருதுவர். எல்லாப் பாடத்தையும் இவ்வாறு நடத்த இயலாது என்பதை ஒப்புகின்றோம். கருத்துப் பிழை மிகுதியாக வேரூன்றும் விசை, பாய்மம், மின்சுற்று முதலிய சில இடங்களிலேனும் நேரத்தைச் செலவிடலாம். ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லிச் செல்லலாம்.

பிறர்முன் எழுந்து பேச நாணும் மாணவர்க்கு இம்முறை துன்பம் தரும் என்பது தள்ளத்தக்க மறுப்பன்று. முதல் தலைமுறையாகக் கல்லூரி காணும் மாணவியை அவை நடுவே நிறுத்தி விளக்குக எனின், அவள் கற்பது இயற்பியலாக இராது. கூத்திலும் எடுத்த எடுப்பில் எவர்க்கும் அருச்சுனன் வேடம் தருவதில்லை. முதலில் தாளில் எழுதுதல், பின்னர் அருகிலிருப்பவரிடம் கூறுதல், அதன்பின் குழுவில் விளக்குதல் எனப் படிப்படியாகப் பழக்கினால் அச்சம் தணியும். தெலோரியே குழுவினர் மற்றொன்றும் கண்டனர். இடர்ப்படுவதாகத் தோன்றுவது கற்றலின் குறியே என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே தம் ஆய்வு முடிவைக் காட்டி மாணவர்க்கு விளக்கியபொழுது, பெரும்பாலோர் அம்முறையை ஆதரிக்கத் தலைப்பட்டனர். மாணவர் கருத்து மாறக்கூடியதே. அதற்கு ஆசிரியர் முன்னரே காரணம் கூறுதல் வேண்டும்.

மாணவர் கருத்தைக் கேட்பதும் கைவிடத்தக்கதன்று. எங்கே குழுவில் ஒருவனே பேசினான், எந்த வினாவின் சொல் விளங்கவில்லை, எவ்வளவு நேரம் போதவில்லை என்பவற்றை அவர்களையன்றி வேறு எவரும் கூற இயலாது. எவ்வளவு கற்றனர் என்பதற்கு மட்டும் அவர்தம் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாகாது. கலியாண மகாலின் அடியிற் பாடம் முடிந்ததும் மாணவர் கையில் இரு தாள்கள் தரலாம். முதற்றாளில், இன்றைய வகுப்பைப் பற்றித் தாம் எண்ணுவதை எழுதட்டும். இரண்டாவதில் ஒரே வினா: தம் ஊர் மேல்நிலை நீர்த்தொட்டியினின்று தெருக்குழாய்க்கு வரும் நீர், அத்தெருவில் உள்ள மாடிவீட்டின் எத்தளம்வரை தானே ஏறும், அதற்குக் காரணம் யாது? இரு தாள்களையும் ஆசிரியர் தனித்தனியே கட்டி வைத்து, அடுத்த திங்களில் அவ்விரண்டாம் வினாவையே சொல் மாற்றி மீண்டும் கேட்டு, அதன் விடைகளையும் அவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.